ஒசைரிஸின் வாசல் வரை சென்றவர்கள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

நைல்கரையான்:
எகிப்தின் அபிதோஸில் மன்னர் முதலாம் சேத்தி எழுப்பிய கோயிலுக்கு இங்கே அறிமுகம் தேவையில்லை. எங்கள் வழிகாட்டி மண்டபத்து உத்தரத்தில் ஹெலிகாப்டர் போலத் தெரியும் ‘ஹெலிகாப்டர்’ செதுக்கலின் அடியிலேயே பாதி நேரத்தைக் கழித்துவிட்டதால், ஏழு கருவறைகளையும் விரைந்து பார்க்க வேண்டியதாயிற்று. பிற கருவறைகளின் பின்சுவரில் பொய்க்கதவுதான் செதுக்கப்பட்டிருக்கிறது. அதைக் கடக்கத் தெய்வங்களால் மட்டுமே முடியும். ஒசைரிஸின் கருவறையிலோ, கல்லை எதிர்பார்த்து நான் நெருங்கிய இடத்தில் உண்மையான வாயில் திறந்திருந்தது. அப்பால் தூண்கள் நின்ற கூடமும் வண்ணம் மங்காத புடைப்புச் சிற்பங்களும் தெரிந்தன. இறந்தோரின் அரசனுக்கு மட்டும் கதவு ஏன் திறந்தது என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

கற்றச்சன்:
‘ஹெலிகாப்டரை’ இவ்வாறு ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. சேத்தியின் பட்டங்களைச் செதுக்கிய உத்தரத்தில், அவர் மகன் இரண்டாம் ராமேசஸின் காலத்தில் சாந்து பூசி ராமேசஸின் பட்டங்களைச் செதுக்கினார்கள். சாந்து உதிர்ந்ததும் இரண்டு எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. தந்தை தொடங்கியதை மகன் முடித்தான் என்பதற்குக் கல்லே சாட்சி சொல்லும் இடம் அது. அதை விளக்காதது வழிகாட்டியின் குறை. என் நினைவில் நிற்பது, புனிதக் காளைகளைப் புதைத்த சக்காராவின் செராப்பியம். ஏப்பிஸ் காளை இறந்தால் ஒசைரிஸாகிவிடும் என்று நம்பி அமைத்த அந்தச் சுரங்கத்துக்குள் பிரெஞ்சுத் தொல்லியலாளர் மரியெட் 1851-இல் நுழைந்தார். தனக்குரிய அறையைச் சேராமல் நடைவழியிலேயே நின்றுபோன ஒரு கற்பேழையின் ஓரமாக உடலைச் சாய்த்து நகர்ந்தபோது, இழுத்து வந்தவர்கள் எந்தச் செய்தி கேட்டுக் கயிற்றை விட்டார்களோ என்று தோன்றியது.

மணல்மேடு:
சேத்தி கோயிலின் பின்னே தாழ்ந்து கிடக்கும் ஒசைரியான் என்ற கல் மண்டபத்தில் நடுமேடையைச் சூழ்ந்து நிலத்தடி நீர் பாசியோடு நின்றது. படைப்பின் முதல் நாளில் நீரிலிருந்து எழுந்த மேடு அதுதான் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். இனிச் செல்பவர்களுக்குச் சில சொற்கள். லக்சரிலிருந்து விடியலிலேயே புறப்பட்டு, வழியில் தெந்தேரா கோயிலின் கூரைமேல் உள்ள ஒசைரிஸ் அறைகளை முதலில் பாருங்கள். அங்குள்ள ராசிமண்டலம் வார்ப்புப் பிரதிதான், மூலக்கல் 1821-இல் பெயர்க்கப்பட்டு இப்போது பாரிஸின் லூவரில் இருக்கிறது. சிறிய டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால்தான் புடைப்பின் ஆழம் தெரியும். அபிதோஸ் கோயிலுக்குப் பின்னே பாலைவனத்தில் உம்முல் காப் என்ற பழைய அரசர் இடுகாடு இருக்கிறது. அங்குள்ள ஜெர் மன்னரின் கல்லறையைப் பிற்காலத்தார் ஒசைரிஸின் கல்லறையாகவே கொண்டாடி, மலையாகக் குவியும் அளவுக்குப் பானைகளைக் காணிக்கையாக வைத்தனர். அந்தத் திசையை அறிந்துகொண்டு கோயிலுக்குள் நுழைவது நல்லது.

நைல்கரையான்:
டார்ச்சைப் பற்றி நான் கேட்கவில்லை. கதவைப் பற்றித்தான் கேட்டேன்.

தெற்குவாசல்:
அந்தக் கதவுக்கு அப்பாலுள்ள பின்னறைகளில், ஒசைரிஸின் சின்னமான ஜெத் தூணை மன்னர் நிமிர்த்தும் காட்சி இருப்பதைக் கவனித்தீர்களா? இறந்த தெய்வத்தை எழுப்பும் சடங்கை மனிதர்தான் செய்தாக வேண்டும்; ஆகவே அவர்கள் உள்ளே செல்ல வழி வேண்டும் என்பதே என் கருத்து. சேத்தியின் கற்பேழையை நான் லண்டனில் கண்டேன். இத்தாலியரான பெல்சோனி 1817-இல் கண்டெடுத்ததை 1824-இல் கட்டடக் கலைஞர் ஜான் சோன் 2000 பவுனுக்கு வாங்கித் தம் வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்தார். உள்ளே அடியில் வானத்தின் தெய்வமான நூத் தேவி செதுக்கலாகப் படுத்திருக்கிறாள். எனக்கு முன்னால் நின்ற சிறுவன், “ராஜா எங்கே?” என்று உரக்கக் கேட்டான். கெய்ரோவில் இருக்கிறார் என்று காவலர் சொல்லியும் அவன் நம்பவில்லை; பேழையின் மறுபக்கத்துக்குப் போய்த் தேடினான்.