ஆங்கிலத்தில் ‘பிடிக்கவில்லை’ என்பதை எந்தச் சொல்லால் சொல்வது?

கேள்வி:

நண்பர்களுக்கு வணக்கம். நான் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். தங்களுக்குப் பிடிக்காத எதைப் பற்றி எழுதச் சொன்னாலும், அது பாகற்காயாக இருந்தாலும் தீண்டாமையாக இருந்தாலும், அவர்கள் ‘ஐ ஹேட்’ என்றே தொடங்குகிறார்கள். அகராதியைப் பார்க்கச் சொன்னால் டிஸ்லைக், டிடெஸ்ட், லோத், அப்ஹார், டெஸ்பைஸ் ஆகிய சொற்களை எடுத்துவந்து, எல்லாவற்றுக்கும் ‘வெறு’ என்றுதானே பொருள் போட்டிருக்கிறது என்று கேட்கிறார்கள். வெறுப்பின் அளவைக் கொண்டு இவற்றை வரிசைப்படுத்திக் கற்பித்தால் போதுமா? அலுவலகக் கடிதத்தில் இவற்றுள் எதை எழுதலாம்?

முதல் மறுமொழி:

வணக்கம். டிஸ்லைக் மென்மையானது, ஹேட் அதைவிட வலியது என்று சொல்வதோடு அளவு வரிசையின் பயன் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மற்ற சொற்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது வெறுப்பின் அளவன்று, அதன் காரணமே என்று கற்பிப்பதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

டெஸ்பைஸ் என்பது ‘கீழ்நோக்கிப் பார்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆகவே ஒருவரை மதிக்கத் தகாதவர் என்று கருதி இகழும் இடத்தில்தான் அது முழுமையாகப் பொருந்தும். வலிமை மிக்க பகைவர் ஒருவரை வெறுத்துக்கொண்டே அவருடைய திறமையை மதிக்க முடியும்; அந்த நிலைக்கு ஹேட் பொருந்தும், டெஸ்பைஸ் பொருந்தாது. அப்ஹார் என்பதன் லத்தீன் மூலத்துக்கு நடுங்கிப் பின்வாங்குதல் என்று பொருள். இன்று அது கொடுமை, வன்முறை, இனவெறி போன்று மனச்சான்று ஏற்க மறுப்பவற்றைக் குறித்தே பெரிதும் வழங்குகிறது. உங்கள் மாணவர் தீண்டாமையைப் பற்றி எழுதும்போது தேட வேண்டிய சொல் இதுதான். பாகற்காய்க்கு இதை எழுதினால் மிகையாகிவிடும். லோத் லத்தீனிலிருந்து வந்ததன்று, பழைய ஆங்கிலச் சொல். அதில் அருவருப்பு கலந்திருக்கிறது. உடலே ஒதுங்கிக்கொள்வது போன்ற வெறுப்பு அது. டிடெஸ்ட் முதலில் தெய்வத்தைச் சாட்சிக்கு அழைத்துச் சபிப்பதைக் குறித்த லத்தீன் சொல்லின் வழியில் வந்தது. சமயப் பொருள் மறைந்துபோய், ஆழ்ந்த வெறுப்பு என்னும் பொருள் மட்டும் நின்றுவிட்டது.

இரண்டாம் மறுமொழி:

மேலே உள்ள விளக்கத்தோடு இலக்கணத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டுகிறேன், ஏனெனில் தேர்வில் மதிப்பெண் போவது அங்கேதான். டிஸ்லைக், டிடெஸ்ட், லோத் ஆகிய மூன்றுக்கும் பின்னால் வரும் வினை ‘இங்’ ஈற்றோடு வர வேண்டும். ‘ஐ டிஸ்லைக் வெயிட்டிங்’ சரி, ‘ஐ டிஸ்லைக் டு வெயிட்’ தவறு. ஹேட் இரண்டு வடிவங்களையும் ஏற்கும். ஆனால் ‘ஐ உட் ஹேட்’ என்று வந்தால் பின்னால் ‘டு’ வருவதே வழக்கம். ‘ஐ ஹேட் டு சே திஸ்’ என்பதில் வெறுப்பே இல்லை. கசப்பான ஒன்றைச் சொல்லுமுன் கேட்கும் மன்னிப்பு அது.

லோத் என்னும் ஒலிக்கு நெருக்கமாக இரண்டு சொற்கள் இருப்பதையும் சொல்லிக்கொடுங்கள். இறுதியில் ‘இ’ என்னும் எழுத்துடன் எழுதப்படுவது வெறுத்தலைக் குறிக்கும் வினை. அந்த எழுத்து இல்லாதது, ஒன்றைச் செய்ய மனமில்லாமல் தயங்குவதைக் குறிக்கும் பெயரடை. மூச்சு என்னும் பெயரான ‘ப்ரெத்’, மூச்சுவிடு என்னும் வினையான ‘ப்ரீத்’ ஆகியவற்றின் ஈற்றொலிகள் வேறுபடுவதைப் போலவே இவற்றின் ஈற்றொலிகளும் பெரும்பாலும் வேறுபடும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. காரணத்தைக் கொண்டு பிரிக்கும் முறையை வகுப்பில் பின்பற்றுகிறேன். அலுவலகக் கடிதம் பற்றியும் யாரேனும் சொல்ல வேண்டுகிறேன். படிப்பு முடிந்து வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.

மூன்றாம் மறுமொழி:

அலுவலகக் கடிதத்தில் நீங்கள் பட்டியலிட்ட சொற்களுள் எதுவும் வேண்டாம் என்பேன். டிஸ்லைக் மென்மையான சொல் என்று தோன்றினாலும், ஆங்கிலேயர் பேச்சில் ‘ஐ டோன்ட் லைக்’ என்பதே இயல்பாக வரும். அதற்கு மாறாக ‘ஐ டிஸ்லைக் யுவர் ப்ரொபோசல்’ என்று எழுதினால் எண்ணி முடிவுசெய்த வெறுப்பாகவே படும். ஒரு திட்டம் பிடிக்கவில்லை என்றால் ‘ஐ ஹாவ் சம் ரிசர்வேஷன்ஸ் அபவுட் திஸ்’ (இதில் எனக்குச் சில தயக்கங்கள் உண்டு) என்றோ, ‘ஐ ஆம் நாட் கன்வின்ஸ்டு’ என்றோ எழுதிக் காரணத்தையும் சொல்லிவிடுவது நல்லது. பிரிட்டிஷ் மேலாளர் ஒருவர் ‘ஐ ஆம் நாட் வெரி கீன் ஆன் இட்’ என்று சொன்னால், அதைத் தயக்கம் என்று எண்ணி மீண்டும் வற்புறுத்தக் கூடாது. பெரும்பாலும் அது மறுப்புதான்.

முதல் மறுமொழியில் ஒன்றை மட்டும் சற்றுத் தளர்த்த விரும்புகிறேன். எழுத்தில் அந்த வேறுபாடுகள் உண்மையானவை. ஆனால் வீட்டுப் பேச்சில் காளானைக்கூட டெஸ்பைஸ் செய்வதாக ஆங்கிலேயர் சொல்வதுண்டு. எனவே உரையாடல் எழுதும் பயிற்சியில் அதைத் தவறு என்று திருத்த வேண்டாம். அதே காரணத்தால், ‘ஐ ஹேட் மண்டேஸ்’ என்பதைத் தமிழில் ‘திங்கட்கிழமைகளை வெறுக்கிறேன்’ என்று எழுதவும் விடாதீர்கள். ‘எனக்குத் திங்கட்கிழமை என்றாலே பிடிக்காது’ என்பதுதான் அதன் எடைக்குச் சரியாக வரும்.

இன்னொன்றும் அடிக்கடி இடறவைக்கும். ‘ஐ டோன்ட் கேர்’ என்றால் அக்கறை இல்லை. ‘ஐ டோன்ட் கேர் ஃபார் காபி’ என்றால் காபி பிடிக்காது. விருந்தோம்புபவரிடம் முதல் வாக்கியத்தைச் சொன்னால் அவர் புண்படுவார். இரண்டாவதைச் சொன்னால் தேநீர் கொண்டுவருவார்.