காலையில் கையில் வரிசையாகத் தடிப்பு: மூட்டைப்பூச்சிதானா, எப்படி உறுதி செய்வது?

செல்வி_வேளச்சேரி:
வணக்கம். மூன்று வாரமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஏழு வயது மகளுக்குக் காலையில் எழுந்தால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மூன்று நான்கு தடிப்பு, நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசையில். கொசு வலைக்குள்தான் படுக்கிறோம். அதே மெத்தையில் படுக்கும் என் கணவருக்கு ஒன்றுமே இல்லை. அதனால் அவர் சூட்டுக் கொப்புளம் என்கிறார், மாமியாரோ கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்று சமையலில் அதையே நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் முன்பு தெரிந்தவர் வீட்டிலிருந்து பழைய மரக்கட்டில் ஒன்று வாங்கினோம், அப்போது எதுவும் தோன்றவில்லை. நேற்று தலையணை உறையைத் துவைக்க எடுத்தால் பேனா மை ஊறியதுபோல் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். பூச்சி ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. பிள்ளை தூக்கத்திலேயே சொறிகிறாள், பார்க்க முடியவில்லை.

முருகேசன்:
பதினோரு வருடமாகப் பூச்சி மருந்து அடிக்கும் வேலை செய்கிறேன். முதலில் ஒன்று: தடிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். கொசு, தெள்ளுப்பூச்சி, சிரங்கு எல்லாமே பார்க்க அப்படித்தான் இருக்கும், டாக்டரே தோலை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் கணவருக்கு ஒன்றும் இல்லை என்பதால் அவரைக் கடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. கடிக்கும்போது வலி தெரியாது, சிலருக்குத் தடிப்பே வராது, சிலருக்குப் பல நாள் கழித்துத்தான் வரும்.

பார்க்க வேண்டியது கட்டிலைத்தான். அந்தக் கறுப்புப் புள்ளியில் ஈரப் பஞ்சை வைத்து லேசாகத் தேயுங்கள். செம்பழுப்பாகக் கரைந்து இழுபட்டால் அது பூச்சி செரித்துக் கழித்த ரத்தம். கரப்பான் எச்சம் குருணையாக நிற்கும், இப்படித் துணியில் ஊறாது. அப்புறம் டார்ச்சும் பழைய ஏ.டி.எம். கார்டும் எடுத்துக்கொண்டு மெத்தையின் தையல் ஓரம், மூலையில் மடிப்பு, தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம், கட்டில் சட்டம் சேரும் இடுக்கு, ஸ்குரூ ஓட்டை எல்லாவற்றிலும் கார்டின் முனையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வளர்ந்த பூச்சி துவரம் பருப்பு அளவு, தட்டையாகப் பழுப்பு நிறத்தில் இருக்கும், ரத்தம் குடித்திருந்தால் உப்பிச் சிவந்திருக்கும். குஞ்சு கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். முட்டை ரவை போல வெள்ளையாக மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தட்டினால் விழாது. வளர்வதற்குள் ஐந்து முறை சட்டை உரிக்கும், அந்த மெல்லிய பழுப்புத் தோல் இடுக்கில் கிடந்தால் அங்கே பூச்சி குடியிருக்கிறது அல்லது முன்பு இருந்திருக்கிறது. பகலில் ஒன்றும் கிடைக்காவிட்டால் விடியலுக்கு முன், மூன்று நான்கு மணிக்கு, சட்டென்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கலா:
செல்வி, தயவுசெய்து பிள்ளையை வேறு அறைக்கு மாற்றிவிடாதீர்கள். ஹாஸ்டலிலிருந்து என் பையோடு வந்ததை நான் அப்படித்தான் வீடு முழுக்கப் பரப்பினேன். படுக்கையறையில் கடிக்கிறது என்று ஹாலில் பாய் விரித்தேன், பத்து நாளில் சோபாவுக்குள் வந்துவிட்டது. ஆள் எங்கே படுக்கிறாரோ அங்கே தேடி வரும், இரத்தம் இல்லாமலே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். இன்னொன்று, இது அழுக்கு வீட்டில்தான் வரும் என்று யாராவது சொன்னால் மனம் உடையாதீர்கள். இரயிலில் வரும், பெட்டியில் வரும், பழைய கட்டிலோடு வரும். நான் வெட்கப்பட்டு இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை, அந்த இரண்டு மாதத்தில்தான் பெருகியது.

செல்வி_வேளச்சேரி:
பார்த்துவிட்டேன். ஈரப் பஞ்சில் புள்ளி பழுப்பாக இழுபட்டது. தையல் ஓரத்தில் ஒன்றும் இல்லை, சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன். தலைமாட்டுப் பலகையைக் கழற்றியபோதுதான் ஒரு ஸ்குரூ ஓட்டையைச் சுற்றி மிளகுத்தூள் கொட்டியதுபோல் கறை, கார்டை விட்டு இழுத்தவுடன் உரித்த தோல் ஏழெட்டு உதிர்ந்தது, பின்னாலேயே உயிரோடு இரண்டு வெளியே வந்து ஓடின. நசுக்கியதும் ஒரு நாற்றம், இன்னும் மூக்கிலேயே நிற்கிறது. கணவர் அமைதியாகிவிட்டார். பக்கத்து வீட்டு அண்ணன் நெல் மூட்டைக்கு வைக்கும் மாத்திரையை அறையில் வைத்துப் பூட்டினால் ஒரே நாளில் தீரும் என்கிறார். செய்யலாமா?

முருகேசன்:
வேண்டவே வேண்டாம்மா. அதிலிருந்து வருவது பாஸ்பீன் வாயு, இடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகும், உள்ளே போனால் மாற்று மருந்து கிடையாது. வீட்டில் இதை வைத்துக் குழந்தைகளே இறந்திருக்கிறார்கள். மண்ணெண்ணெயும் ஊற்றாதீர்கள். விரிப்பு, உறை, உடுப்பு எல்லாவற்றையும் அறைக்குள்ளேயே பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போய் 60 டிகிரி சுடுதண்ணீரில் துவையுங்கள். மெத்தையை வெயிலில் போட்டால் மட்டும் போதாது, நிழலான பக்கத்துக்கு நகர்ந்துவிடும். உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். முதல் முறை அடித்ததும் விட்டுவிடக் கூடாது, முட்டைக்கு மருந்து சரியாக ஏறாது, ஒரு வாரம் பத்து நாளில் பொரித்துவிடும், அதனால் இரண்டு வாரத்தில் மறுபடி அடித்தே ஆக வேண்டும். முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

செல்வி_வேளச்சேரி:
சரிங்க அண்ணா, சனிக்கிழமைக்கு ஆள் சொல்லியாயிற்று. கட்டிலைத் தூக்கி எறிந்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறோம்.

கலா:
எறிவதானால் பாலித்தீனில் சுற்றி இறக்குங்கள், இல்லையென்றால் மாடிப்படியெல்லாம் உதிரும். தெருவில் வைப்பதற்கு முன் சட்டத்தை உடைத்து, மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். நல்ல மரமாக இருக்கிறதே என்று இன்னொருவர் பிள்ளைக்காக எடுத்துப் போய்விடுவார்.