மிஸ்டரி ஷாப்பர் வேலை: பதிவு செய்தும் பணி வரவில்லை, உதவி தேவை

ஈசூன்வாசி: வணக்கம். நான் சிங்கப்பூர் நிரந்தரவாசி. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில், கடைகளுக்குச் சாதாரண வாடிக்கையாளர்போல் சென்று சேவையை மதிப்பிட்டு அறிக்கை எழுதும் வேலையைச் செய்ய விரும்பிச் சில நிறுவனங்களில் பதிவு செய்தேன். வாரக்கணக்கில் காத்திருந்தும் ஒரு பணிகூட வரவில்லை. இதற்கிடையே வாட்ஸ்அப்பில் ஒருவர், 80 வெள்ளி முன்பணம் கட்டினால் இன்றே பணி தருவதாகச் சொல்கிறார். கட்டலாமா?

தெம்பனிஸ் அக்கா: வேண்டாம், தங்கையே. முறையான நிறுவனம் எதுவும் பதிவுக்கட்டணமோ முன்பணமோ கேட்பதில்லை. பணிக்காகப் பொருள் வாங்க வேண்டியிருந்தால் அந்தப் பணத்தைக் கடையில்தான் கட்டுவீர்கள். முன்பின் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்கில் அல்ல. தொடக்கத்தில் சிறு தொகையைத் திருப்பித் தந்து நம்ப வைத்துவிட்டு, பிறகு பெருந்தொகை கேட்பது மோசடிக்காரர்களின் வழக்கம். ஐயமிருந்தால் மோசடித் தடுப்புச் சேவையான ஸ்கேம்ஷீல்டின் 1799 என்ற உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

ஜூரோங் ஷாப்பர்: பணி தானாக வீடு தேடி வராது, சகோதரி. பல நிறுவனங்கள் பணிகளைத் தங்கள் தளத்தில் பட்டியலிடும். நாம்தான் அடிக்கடி பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். வயது, பேசும் மொழிகள், சென்றுவரக்கூடிய வட்டாரங்கள், ஓய்வான நேரம் ஆகியவற்றை உங்கள் விவரப்பக்கத்தில் விடாமல் நிரப்புங்கள். ஊதியம் குறைவென்றாலும் வீட்டருகே உள்ள துரித உணவுக்கடைப் பணியை முதலில் ஏற்பது நல்லது.

அதன்பின் பணிகள் தொடர்வது அறிக்கையின் தரத்தைப் பொறுத்தது. "சேவை நன்றாக இருந்தது" என்று மட்டும் எழுதினால் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "பகல் 12.41க்கு வரிசையில் நின்றேன், 12.46க்குக் கண்ணாடி அணிந்த காசாளர் நிமிர்ந்து பார்த்து முகமன் கூறினார், அவர் பெயர் அட்டை அணிந்திருக்கவில்லை, உணவு 12.52க்கு வந்தது" என்று எழுதினால் எவரும் குறை சொல்ல மாட்டார்கள். இந்த நேரங்களை, நண்பருக்குச் செய்தி அனுப்புவதுபோல் கைபேசியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தாளும் பேனாவும் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ரசீதின் எழுத்து மங்கிவிடும் என்பதால் உடனே படமெடுத்துவிடுங்கள். செலவழித்த தொகையும் ஊதியமும் கைக்கு வர வாரங்கள் ஆகலாம். ஆகவே வீட்டுச் செலவுக்கான பணத்தை இதில் போடாதீர்கள்.

ஈசூன்வாசி: மிக்க நன்றி. முன்பணம் கேட்டவரின் வாட்ஸ்அப் எண்ணைத் தடுத்துவிட்டேன். சார்ந்தோர் அட்டையில் (இங்கே வேலை செய்பவரின் குடும்பத்தாருக்குத் தரப்படும் அனுமதி) இங்கிருக்கும் என் தோழியும் இதைச் செய்யலாமா?

தெம்பனிஸ் அக்கா: அவர் அவசரப்பட வேண்டாம். சார்ந்தோர் அட்டை வைத்திருப்பவர்கள் இங்கே வேலைக்குச் சேர 2021 மே மாதம் முதல் தனியாக வேலை அனுமதி பெற வேண்டியுள்ளது. பகுதிநேரம்தானே என்று தொடங்கிவிடாமல், மனிதவள அமைச்சிடம் முதலில் கேட்டுத் தெளிவு பெறச் சொல்லுங்கள்.