டோவர் கேஸ்: சாமி கும்பிட்டா பரிணாமத்தை ஏத்துக்க முடியாதா?

கேள்வி: 2005ல அமெரிக்கால பென்சில்வேனியா டோவர் ஸ்கூல் கேஸ் பத்தி படிச்சேன், பரிணாமத்துக்கு மாற்றா இன்டெலிஜென்ட் டிசைன்னு (உயிர்களை ஏதோ ஒரு அறிவுள்ள சக்திதான் வடிவமைச்சுதுங்கற கருத்து) ஒண்ணு இருக்குன்னு பயாலஜி கிளாஸ்ல வாசிச்சு காட்டணும்னு போர்டு முடிவு பண்ண, பெற்றோர் 11 பேர் கோர்ட்டுக்கு போய் ஜெயிச்சிருக்காங்க. அப்ப கடவுள் நம்பிக்கை தோத்துடுச்சுன்னு அர்த்தமா? நான் சாமி கும்பிடுறவன், சீரியஸா கேக்கிறேன்.

பதில் 1: இல்லைங்க. பெற்றோர் தரப்பு முதல் சாட்சி கென்னத் மில்லர், பயாலஜி புரொஃபசர், அவரே கத்தோலிக்கர்தான். அவர் கோர்ட்ல பரிணாமத்துக்கு காட்டின ஒரு ஆதாரம் இது: சிம்பன்சி, கொரில்லாவுக்கு 24 ஜோடி குரோமோசோம் (செல்லுக்குள்ள டிஎன்ஏ சுருண்டு இருக்கிற இழை), நமக்கு 23, எல்லாரும் ஒரே மூதாதையர்கிட்ட இருந்து வந்திருந்தா மிச்சம் ஒரு ஜோடி எங்க போச்சு? நம்ம 2வது குரோமோசோம் நடுவுல பாத்தா, வழக்கமா குரோமோசோம் நுனில இருக்கிற டிஎன்ஏ வரிசை இருக்கு, அதாவது ரெண்டு குரோமோசோம் ஒட்டி ஒண்ணாகியிருக்கு. எனக்கு இந்த ஒரு ஆதாரமே போதும்.

பதில் 2: நண்பரே, ஒட்டுச்சுன்னே வெச்சுக்குவோம், ஆனா முதல் உயிர் எப்படி வந்துச்சு? அது தெரியாம படைப்பை தூக்கி போட எனக்கு மனசு வரல.

பதில் 3: அது வேற கேள்விங்க, வந்த உயிர் எப்படி மாறுச்சுங்கறதுதான் பரிணாமம். கேள்வி கேட்டவருக்கு: அந்த கேஸ்ல தீர்ப்பு சொன்ன ஜட்ஜ் ஜோன்ஸ், அப்போதைய அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமிச்சவர், இன்டெலிஜென்ட் டிசைன் சயின்ஸ் இல்லன்னு சொன்ன அதே தீர்ப்புல, பரிணாமம் கடவுள் நம்பிக்கைக்கு எதிரானதுன்னு நினைக்கிறதும் தப்புன்னு எழுதியிருக்கார். தைரியமா ரெண்டையும் வெச்சுக்குங்க.