டிஸிகுய், லாவோஸி, சுவாங்ஸி போன்ற பழைய சீன நெறிகள்: பிள்ளை வளர்ப்பிலும் கவுன்சிலிங்கிலும் உங்கள் அனுபவம் என்ன?

சூஜோ அம்மா:
மகளின் பாலர் பள்ளியில் தினமும் காலையில் டிஸிகுய், பிள்ளைகள் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் பழைய சீனப் பாடநூல். சீனாவில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மும்மூன்று எழுத்தாக 360 வரி, ஒரே ராகம். போன வாரம் அடுக்களையிலிருந்து சும்மாதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். குளியலறையிலிருந்து தலையெல்லாம் ஷாம்பு நுரையோடு ஓடி வந்து நின்றாள். நுரை கண்ணில் இறங்கி எரிகிறது, துடைக்கக்கூட இல்லை. "ஏண்டி இப்படி?" என்றால், "அப்பா அம்மா கூப்பிட்டால் தாமதிக்கக் கூடாது" என்று சீனத்தில் ஒப்பிக்கிறாள். முன்னுரை தாண்டினால் அதுதான் முதல் வரி. பக்கத்து வீட்டுப் பாட்டி மெச்சிவிட்டுப் போனார். எனக்கோ என்னவோ போல் ஆகிவிட்டது. அந்த முகத்தில் பயம் இருந்தது.

ஈப்போக்காரன்:
டிஸிகுய்யை வைத்துக் கன்பூசியஸை எடை போடாதீர்கள். அது சிங் அரசர்கள் காலத்தில் லி யூசியூ என்ற வாத்தியார் எழுதியது. கன்பூசியஸ் போய்ச் சேர்ந்து இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் ஆகியிருந்தது.
நான் சீனப்பள்ளியில் படித்தவன். வகுப்பில் எதற்கும் முந்திரிக்கொட்டை நான்தான். ஒருநாள் லாவ்ஷி (சீனத்தில் ஆசிரியரை இப்படித்தான் அழைப்போம், இவர் ஒரு டீச்சரம்மா), "மூன்று பேர் சொன்ன பிறகுதான் நீ வாய் திறக்கலாம்" என்றுவிட்டார். வாயே திறக்காத ஒரு பெண்ணிடம் "நீதான் முதலில் சொல்ல வேண்டும்" என்றார். இது என்ன நியாயம் என்று நேராகப் போய்க் கேட்டேன். கன்பூசியஸின் சீடர் ஸிலுவின் கதையைச் சொன்னார். நல்லதைக் கேட்டால் உடனே செய்யலாமா என்று ஸிலு கேட்க, "அப்பா, அண்ணன் எல்லாம் இருக்கும்போது எப்படி?" என்றாராம் கன்பூசியஸ். அதையே ரன் யூ என்ற சீடர் கேட்டபோது, "உடனே செய்." குழம்பிப்போன இன்னொரு சீடருக்கு விளக்கம்: "ரன் யூ தயங்குகிறவன், தள்ளிவிட்டேன். ஸிலுவுக்கு இரண்டு ஆள் வேகம், பிடித்து நிறுத்தினேன்." லாவ்ஷி சிரிக்கவே இல்லை. "நீ இதில் யார்?" என்று மட்டும் கேட்டார். இன்றும் ஆபீஸ் மீட்டிங்கில் பேச வாயெடுத்தால் அந்த அம்மாள் முகம் வந்து நிற்கிறது.

சாங்ஷா எம்பிபிஎஸ்:
மனநல வார்டு போஸ்டிங். தாவோ தத்துவத்தை வைத்துப் பேச்சு வழியாகச் செய்யும் தாவோ வழிச் சிகிச்சை உருவானதே இந்த ஊரில்தான். தாவோ ஞானி லாவோஸி வழிக் கருத்துகளை 32 எழுத்தாகச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். மகளின் காவ்காவ் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை நினைத்துத் தூக்கம் கெட்ட ஒரு அப்பா அதை எழுதிக்கொண்டிருந்தார். போதும் என்று அறி, எங்கே நிறுத்துவது என்று அறி என்ற இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார். "டாக்டர், இது எனக்கா, என் மகளுக்கா?" டாக்டர் பேனாவை எடுத்து மறுபடி அவர் கையிலேயே கொடுத்தார். மனிதர் காது வரை சிவந்துவிட்டார்.
2002இல் வந்த ஆய்வில் பதற்ற நோயாளிகள் 143 பேர். மாத்திரை சீக்கிரம் கேட்டது, ஆனால் ஆறு மாதத்தில் பலன் நிற்கவில்லை. தாவோ வழிச் சிகிச்சை மெதுவாகப் பிடித்தது, ஆறாம் மாதத்தில் பலன் தெரிந்தது.

சிங்கை மாமா:
தம்பி, பார்த்து எழுதுங்கள். இதைப் படித்துவிட்டு யாராவது மாத்திரையை நிறுத்திவிடப் போகிறார்கள்.
என் அனுபவம் சின்னதுதான். இங்கே 1984இல் உயர்நிலைப் பள்ளிகளில் சமயக் கல்வியைக் கட்டாயமாக்கியபோது கன்பூசிய நெறியும் ஒரு பாடம். நான் இந்து சமயம் எடுத்தேன், பக்கத்து அறையில் என் சீன நண்பன் தூங்கி வழிந்தான். பத்து வருஷத்துக்குள் அந்தக் கட்டாயமும் போயிற்று.
சூஜோ அம்மா, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பள்ளியோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஒப்பிப்பது ஒப்பிக்கட்டும், வீட்டில் மறுபக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள். கன்பூசியஸின் சீடர் ஸெங்ஸி முலாம்பழக் கொடிக்குக் களையெடுக்கும்போது வேரை வெட்டிவிட்டார். அப்பா தடியால் அடிக்க, அசையாமல் வாங்கிக்கொண்டு மயங்கி விழுந்தார். தெளிந்ததும் அப்பா மனம் நோகக் கூடாதென்று யாழ் மீட்டிப் பாட்டு வேறு. கன்பூசியஸ் பாராட்டவில்லை, கடுங்கோபம். சின்னக் கம்பு என்றால் வாங்கிக்கொள், பெரிய கம்பு என்றால் ஓடு, நீ செத்திருந்தால் அந்தப் பழி உன் அப்பாவுக்குத்தானே என்றார். இதை மகளுக்குச் சொல்லுங்கள். பெற்றோர் தவறினால் மெல்ல எடுத்துச் சொல் என்று கன்பூசியஸின் மொழிகளைத் தொகுத்த லுன்யூவிலேயே இருக்கிறது, அதையும் சொல்லுங்கள். அப்புறம் கூப்பிடும்போது "வேலை முடித்துவிட்டு வா" என்று சேர்த்தே கூப்பிடுங்கள். பாட்டியிடம் வாதாட வேண்டாம், பலன் இருக்காது.

சூஜோ அம்மா:
மாமா, நான் யோசனை கேட்கவே இல்லையே! சரி, கம்புக் கதை சொன்னேன். பெரிய கம்பு என்றால் எவ்வளவு பெரிசு என்று தூங்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சாங்ஷா எம்பிபிஎஸ்:
நிறுத்தச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? அந்த ஆய்வில் ஒரு குழுவுக்கு இரண்டையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

ஷாங்காய் கீதா:
என்னுடையது இன்னொரு தாவோ ஞானி சுவாங்ஸியின் கதை. பையன் சாப்பிடுவதையே குறைத்துவிட்டான் என்று கவுன்சிலரிடம் போனோம். அவர் பழைய சீனத்து லூ நாட்டுப் பறவைக் கதையைச் சொன்னார். கடற்பறவை ஒன்று வந்து இறங்க, அரசருக்குக் கொள்ளை மகிழ்ச்சி. கோயிலில் வைத்து மது, மாமிசம், அரசவை இசை என்று விருந்து வைத்தார். அது எதையும் தொடாமல் மூன்றாம் நாள் செத்துப்போயிற்று. "அப்போ அந்தப் பறவைக்கு என்னதான் வேண்டுமாம்?" என்றார் என் கணவர், எரிச்சலாக. "பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறான், கேளுங்கள்" என்றார் கவுன்சிலர்.
சனிக்கிழமை கணக்கு டியூஷன் வேண்டாமாம். 2021இல் அரசாங்கம் வார இறுதிப் பாட டியூஷனைத் தடுத்த பிறகும் வீட்டுக்கு ஆளை வரவழைத்து நடத்திக்கொண்டிருந்தோம். கணவர் இன்னும் சம்மதிக்கவில்லை. மாதம் ஒன்றாவது வேண்டும் என்கிறார், பையன் அதற்கும் மாட்டேன் என்கிறான்.