புதுப்பிப்பு: இ-இன்வாய்ஸ் இப்போது பில் போடும் இடத்திலேயே

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் எங்கள் ரப்பர் பாகங்கள் கம்பெனிக்கு பில்லிங் ஒரு சாஃப்ட்வேர், ஸ்டாக் இன்னொன்று, ஐ.ஆர்.என். (இ-இன்வாய்ஸுக்கு அரசு போர்ட்டல் தரும் ஜி.எஸ்.டி. பதிவு எண்) வாங்க அந்தப் போர்ட்டலில் தனியாக அப்லோட். லோடு ஏற்றிய வண்டி அதற்காகக் காத்து நிற்கிறது, என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். மூன்றையும் ஒரே சாஃப்ட்வேருக்கு மாற்றிவிட்டோம். பில்லை சேவ் செய்ததும் ஐ.ஆர்.என்.னும் க்யூ.ஆர். கோடும் வந்துவிடுகின்றன. சரக்கோடு வண்டியில் போகும் இ-வே பில்லும் அதோடு சேர்ந்தே.

சாஃப்ட்வேர் போடுவது சுலபம். உண்மையான வேலை மாஸ்டரை, அதாவது சாஃப்ட்வேரில் இருக்கும் பார்ட்டி, சரக்கு விவரப் பட்டியலைச் சுத்தம் செய்வதுதான். பார்ட்டியின் (வாங்குபவரின்) பின்கோடும் மாநிலமும் பொருந்தாவிட்டால் பில் திரும்பி வரும். ஹெச்.எஸ்.என். (சரக்கின் வகையைக் காட்டும் குறியீடு) 6 இலக்கம் வேண்டும். பழைய பார்ட்டிகளுக்கு ஒவ்வொருவராக போன் போட்டு விவரம் சரிபார்த்த எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்காவுக்குத்தான் முழுப் பெருமையும்.

ஐ.ஆர்.என். வந்த பில்லை கேன்சல் செய்ய 24 மணி நேரம்தான். இ-வே பில் உயிரோடு இருந்தால் முதலில் அதை ரத்து செய்ய வேண்டும். நேரம் தாண்டினால் அந்தத் தொகையைக் கழிக்கும் கிரெடிட் நோட் போட வேண்டும், அதற்கும் ஐ.ஆர்.என். உண்டு. ரத்தான பில் நம்பரை மறுபடி போட முடியாது.

"இந்த வருஷம் டர்ன்ஓவர் 5 கோடிக்குக் கீழே வந்துட்டோம், இ-இன்வாய்ஸை விட்டுடலாமா?" என்று கேட்ட அண்ணனுக்கு: முடியாதுண்ணே. 2017-18 முதல் ஏதாவது ஒரு நிதியாண்டில் தாண்டியிருந்தாலே கட்டாயம். ஐ.ஆர்.என். இல்லாத பில் சட்டப்படி பில்லே இல்லை. வாங்குபவரின் இன்புட் கிரெடிட்டும் (கொடுத்த ஜி.எஸ்.டி.யை அவர் கழித்துக்கொள்வது) சிக்கலாகும். டர்ன்ஓவர் 10 கோடிக்கு மேல் என்றால் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிவேற்றியாக வேண்டும், 2025 ஏப்ரல் முதல்.