புதுப்பிப்பு: அலுவலக இரைச்சல், ஹெட்போன், மேலாளர்

முன்பு இங்கே கேட்டிருந்தேன்: நான் ஆட்டிசம் உள்ளவன். டியூப்லைட்டின் ரீங்காரமும் நாலு பேர் பேச்சும் சேர்ந்து காதில் விழும்போது எதிரில் இருப்பவர் சொல்வது பிடிபடுவதில்லை, என்ன செய்யலாம் என்று. பதில் எழுதியவர்களுக்கு நன்றி.

இரைச்சல் குறைக்கும் ஹெட்போன் பாதிதான் உதவியது. ஏசியின் உறுமல் அடங்கிவிடுகிறது. ஆனால் திடீரென்று எழும் சிரிப்பும் நாற்காலி இழுபடும் சத்தமும் அப்படியே உள்ளே வருகின்றன. அந்தத் தொழில்நுட்பம் சீரான, தாழ்ந்த ஒலிகளைத்தான் நன்றாக அடக்கும். அதனால் இப்போது காதுக்குள் நுரை அடைப்பான், அதற்கு மேல் ஹெட்போன். பார்க்க விசித்திரம்தான், இருக்கட்டும்.

மேலாளரிடம் பேசச் சொன்னீர்கள். பேசவில்லை, எழுதினேன். ஆட்டிசம் பற்றி நீட்டி முழக்காமல் இரண்டே கோரிக்கை: சுவரோர இருக்கை, கூட்டத்துக்கு முன்பே என்ன பேசப்போகிறோம் என்று எழுத்தில் ஒரு குறிப்பு. "இவ்வளவுதானா?" என்றார். இருக்கை கிடைத்துவிட்டது. குறிப்பு சில சமயம் வருகிறது, சில சமயம் மறந்துபோகிறார்கள்.

"பழகினால் சரியாகிவிடும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆகாதுங்க. ஒலி, ஒளி போன்றவற்றுக்கு அதிகமாக எதிர்வினை காட்டுவது 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு) சொல்லும் ஆட்டிசம் அளவுகோல்களிலேயே இருக்கிறது. பழகிய மாதிரி நடிக்கலாம். அப்புறம் சாயங்காலம் வாய் திறக்கத் தெம்பில்லாமல் இருட்டறையில் படுத்துக் கிடக்க வேண்டியதுதான்.

மதிய இடைவேளை அரட்டைக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. ஹெட்போனோடு உட்கார்ந்தால் திமிர் என்கிறார்கள், கழற்றினால் தலை கிறுகிறுக்கிறது. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?